நீதியரசரின் அறைக்குள் நுழைவோர் யார்?

காஸா மீதான போருக்கு எதிராக அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் மாணவர் போராட்டங்கள் உச்சமடைந்திருந்த 2024ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டின் சமஷ்டி நீதிபதிகள் பதின்மூவர் ஒன்றிணைந்து நியூயோர்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவருக்குக் கடிதமொன்றை அனுப்பியிருந்தனர். 2024ஆம் ஆண்டிலிருந்து அப்பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் எவரையும், அவர் சட்டம் பயில்பவராயினும் வேறு துறையில் பயில்பவராயினும், தமது சட்ட உதவியாளராக ஏற்கப்போவதில்லை என்பதே அக்கடிதத்தின் சாராம்சமாகும். போராட்டத்தில் பங்கேற்றவர், பங்கேற்காதவர் என்ற வேறுபாடு அதில் காணப்படவில்லை. அவ்வாண்டுக்குப் பின்னர் அங்கு காலடி வைக்கும் எவருக்கும் அவ்வறிவித்தல் பொருந்துவதாக இருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பாகும். அந்த நீதிபதிகள் மறுத்தது பட்டத்தையோ குடியுரிமையையோ அல்ல. ஓராண்டு, அல்லது மிஞ்சினால் ஈராண்டு, நீதிபதி ஒருவரின் அறையில் அமர்ந்து நூல்களைப் புரட்டி, குறிப்புகள் எழுதிக் கொடுக்கும் ஒரு தற்காலிகப் பணியையே அவர்கள் மறுத்தனர். அத்தகையதொரு பணி மறுக்கப்படுவது ஒரு பல்கலைக்கழகம் முழுவதற்குமான தண்டனையாக எவ்வாறு அமைய முடியும்? இக்கேள்விக்கான விடையைத் தேடுவோமாயின், அமெரிக்க நீதித்துறை இயங்கும் விதத்தை மாத்திரமன்றி, எந்தவொரு நாட்டிலும் நீதிபதி ஆசனத்தை நோக்கிய பாதை எங்கு தொடங்குகிறது என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள முடியும்.

ஆங்கிலத்தில் இப்பணிக்கு வழங்கப்படும் பெயரை நேராகத் தமிழாக்கினால் 'சட்ட இலிகிதர்' என்றே வரும். எனினும் நமது நீதிமன்றப் பதிவாளர் அலுவலகங்களில் கோவைகளுக்கு மத்தியில் அமர்ந்திருக்கும் இலிகிதரை இங்கு மனதிற் கொள்ளலாகாது. சட்டக் கல்லூரியில் மிகச் சிறந்த பெறுபேறுகளைப் பெற்று வெளியேறும் இளம் பட்டதாரியை நீதிபதி தாமே தெரிவுசெய்து, தமது நேரடி உதவியாளராக அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடே இதுவாகும். வழக்குக்கு முன்னர் இரு தரப்பினரின் எழுத்துமூல வாதங்களையும் படித்துச் சுருக்கிக் கொடுப்பது, முன்தீர்ப்புகளைத் தேடி எடுப்பது, நீதிபதியுடன் வாதிட்டு அவரது எண்ணத்திலுள்ள பலவீனங்களைச் சுட்டிக்காட்டுவது, தீர்ப்பின் முதல் வரைபை எழுதுவது, இறுதி வரைபிலுள்ள மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது ஆகியன அவரது கடமைகளாகும். தீர்ப்பு நீதிபதியுடையது. அதன் கீழ் உதவியாளரின் பெயர் இடம்பெறுவதில்லை. அறைக்குள் கேட்டவற்றை வெளியே சொல்லலாகாது என்பது எழுதப்பட்டதும் எழுதப்படாததுமான விதியாகும்.

இம்முறையின் மூலவராகக் கருதப்படுபவர் நீதியரசர் ஹொரஸ் கிரே ஆவார். மாசசூசெற்ஸ் மாநில நீதிமன்றத்தில் அவர் கடமையாற்றிய காலத்திலேயே ஹாவார்ட் சட்டக் கல்லூரியிலிருந்து வெளியேறிய இளைஞர்களைத் தமக்கு உதவியாக வைத்துக்கொண்டார். 1882ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றத்திற்குச் சென்றபோதும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். அவர்களுக்கான வேதனத்தைத் தமது சொந்தப் பணத்திலிருந்தே வழங்கினார். 1886ஆம் ஆண்டிலேயே ஒவ்வொரு நீதியரசருக்கும் ஓர் உதவியாளரை அமர்த்துவதற்கான நிதியை அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கியது. கிரேயிடம் பொஸ்டனில் பணியாற்றிய இளைஞர்களுள் ஒருவரான லூயிஸ் பிராண்டைஸ், பின்னாளில் 1916ஆம் ஆண்டில், உயர் நீதிமன்றத்தின் முதலாவது யூத நீதியரசராக நியமனம் பெற்றார். உதவியாளர் அறையிலிருந்து நீதியரசர் ஆசனம் வரையிலான பாதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே திறந்துவிட்டது என்பதற்கு இது சான்றாகும்.

இன்று உயர் நீதிமன்ற நீதியரசர் ஒவ்வொருவரும் நான்கு உதவியாளர்களை வைத்துக்கொள்கின்றனர். அவர்களது செல்வாக்கு தீர்ப்பு எழுதுவதில் மாத்திரம் தங்கியிருக்கவில்லை. அந்நீதிமன்றத்திற்கு அண்மைய ஆண்டுகளில் வருடமொன்றுக்குச் சுமார் 4,000 மனுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றுள் 60 முதல் 70 வரையிலான வழக்குகளே முழு விசாரணைக்கு எடுக்கப்படுகின்றன. எவற்றை எடுப்பது, எவற்றைத் தள்ளுவது என்பதைத் தீர்மானிப்பதற்காக 1970களின் தொடக்கத்தில், நீதியரசர் லூயிஸ் பவலின் யோசனைப்படி, கூட்டு ஏற்பாடொன்று உருவாக்கப்பட்டது. அதன்படி, பங்கேற்கும் நீதியரசர்களின் உதவியாளர்கள் மனுக்களைத் தம்மிடையே பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒரு மனுவை ஓர் உதவியாளர் படித்து எழுதும் குறிப்பே அவ்வேற்பாட்டில் இணைந்த அனைவருக்கும் செல்கிறது. நீதியரசர்கள் சிலர் இதில் சேராது விலகி நின்றதற்குக் காரணம் இல்லாமலில்லை. சிறைக்கூடத்திலிருந்து கையால் எழுதப்பட்ட மனுவொன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் கவனத்தைப் பெறுமா என்பது, சட்டப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன ஒருவரின் கண்ணில் அது எவ்வாறு படுகிறது என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது.

உதவியாளர் எழுதும் குறிப்பு வெறும் காகிதமல்ல என்பதற்கு வரலாற்றில் ஓர் உதாரணம் உண்டு. கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளைத் தனித்தனிப் பாடசாலைகளில் பிரித்து வைத்திருந்த முறையை எதிர்த்த வழக்கு 1952ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீதியரசர் றொபேட் ஜாக்சனின் உதவியாளராகவிருந்த வில்லியம் றென்குயிஸ்ற், அப்பிரிவினையை அனுமதித்த பழைய தீர்ப்பு சரியானதே, அதனை மீளவும் உறுதிப்படுத்த வேண்டும் என்ற கருத்தில் ஒரு குறிப்பை எழுதியிருந்தார். ஜாக்சன் அதனை ஏற்கவில்லை. 1954ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிவினைக்கு எதிராக வழங்கப்பட்ட ஏகமனதான தீர்ப்பில் அவரும் இணைந்தார். ஆயினும் 1971ஆம் ஆண்டில் றென்குயிஸ்ற் நீதியரசராக முன்மொழியப்பட்டபோது அக்குறிப்பு வெளிவந்து பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது. அது தமது கருத்தன்று, ஜாக்சனின் கருத்தைத் தாம் எழுதிக் கொடுத்ததேயாகும் என அவர் விளக்கமளித்தார். ஜாக்சன் 1954ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டமையால் அவ்விளக்கத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ அவர் இருக்கவில்லை. செனட் சபை நியமனத்தை அங்கீகரித்தது. 1986ஆம் ஆண்டில் றென்குயிஸ்ற் பிரதம நீதியரசராகவும் உயர்ந்தார். இரகசியம் காக்கும் ஏற்பாட்டில் பொறுப்புக்கூறல் எவ்வாறு கரைந்துபோகிறது என்பதை இச்சம்பவம் உணர்த்துகின்றது.

அந்த ஓராண்டுக்குப் பின்னர் என்ன நிகழ்கிறது என்பதே அடுத்து நோக்கற்பாலதாகும். உதவியாளராகப் பணியாற்றும் காலத்தில் கிடைக்கும் சம்பளம், பெரிய சட்ட நிறுவனங்கள் புதிய சட்டத்தரணிக்கு வழங்கும் சம்பளத்தின் பாதிக்கும் குறைவானதாகும். ஆனால் உயர் நீதிமன்றத்தில் அவ்வாண்டை முடித்து வெளியேறுவோரைத் தம்பக்கம் இழுப்பதற்கு அதே நிறுவனங்கள் நான்கு, ஐந்து இலட்சம் டொலர் வரையில் சேரும் ஊக்கத்தொகையாகவே வழங்குவதாக அண்மைய ஆண்டுகளில் அமெரிக்க ஊடகங்கள் செய்தி வெளியிட்டுள்ளன. நீதியரசர் ஒருவரின் வருடாந்தச் சம்பளம் சுமார் மூன்று இலட்சம் டொலர் என்பதை இதனுடன் ஒப்பிட்டு நோக்கின் நிலைமை புரியும். வெளியேறியவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு அந்நீதிமன்றத்தின் முன் வழக்குப் பேசலாகாது என்ற தடை இருக்கின்றபோதிலும், அந்நிறுவனங்கள் விலை கொடுப்பது அறைக்குள் பெற்ற அனுபவத்திற்கே என்பது வெளிப்படை.

பணத்தைவிடப் பதவி முக்கியமானது. உயர் நீதிமன்றத்தின் ஒன்பது ஆசனங்களை எடுத்துக்கொள்வோம். பிரதம நீதியரசர் ஜோன் றொபேட்ஸ், எலேனா ககன், நீல் கோர்சச், பிறெட் கவனோ, ஏமி பரெற், கெற்றான்ஜி பிறவுண் ஜாக்சன் ஆகிய அறுவரும் அதே நீதிமன்றத்தில் முன்னர் உதவியாளர்களாக இருந்தவர்களாவர். றென்குயிஸ்றிடம் பணியாற்றிய றொபேட்ஸ் 2005ஆம் ஆண்டில் றென்குயிஸ்றின் இடத்திற்கே வந்தார். கவனோ 2018ஆம் ஆண்டில் தமது முன்னாள் தலைவரான அந்தனி கென்னடியின் இடத்தையும், ஜாக்சன் 2022ஆம் ஆண்டில் தாம் பணியாற்றிய ஸ்ரீபன் பிறேயரின் இடத்தையும் நிரப்பினர். குரு அமர்ந்த ஆசனத்தில் சீடர் அமர்வது போன்ற தொடர்ச்சி இது. ஜனாதிபதி ஒருவர் நீதியரசரை நியமிக்கும் நாளில் உலகம் முழுவதும் வொஷிங்டனை நோக்குகிறது. ஆனால் அந்நியமனத்திற்கான முதற் தெரிவு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், எவரும் நோக்காத ஓர் அறையில், ஒரு நேர்முகத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கொலம்பியா மாணவருக்கு மூடப்பட்ட கதவு இதுவே.

அக்கதவு எல்லோருக்கும் ஒரேயளவில் திறந்திருந்ததாகவும் கூற முடியாது. உயர் நீதிமன்றத்தில் முதலாவது பெண் உதவியாளராக லூசில் லோமன் 1944ஆம் ஆண்டில் சேர்ந்தார். முதலாவது கறுப்பின உதவியாளரான வில்லியம் கோல்மன் 1948ஆம் ஆண்டில் நீதியரசர் பீலிக்ஸ் பிராங்பேட்டரிடம் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்த அதே பிராங்பேட்டர், 1960ஆம் ஆண்டில் ஹாவார்ட் பேராசிரியர் ஒருவர் மிகச் சிறந்த மாணவியெனப் பரிந்துரைத்த ரூத் பேடர் கின்ஸ்பேர்க் என்ற பெண்ணை ஏற்க மறுத்தார். அவர் பெண் என்பதே காரணம். அந்த கின்ஸ்பேர்க் 1993ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின் நீதியரசரானார் என்பது வேறு விடயம். மறுக்கப்பட்ட எத்தனை பேர் அவ்வாறு திரும்பி வர முடியாமற் போயினர் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

1998ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையொன்று அப்போது பதவியிலிருந்த நீதியரசர்கள் அதுவரை நியமித்த உதவியாளர்களைக் கணக்கெடுத்து வெளியிட்டபோது, அவர்களுள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு வீதத்தையும் எட்டவில்லை என்பது தெரியவந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் நீதிமன்றத் தவணை ஆரம்பமான நாளில் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பினர் நீதிமன்றத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடத்திக் கைதாகினர். சம வாய்ப்புச் சட்டங்களுக்குப் பொருள்கோடல் செய்யும் நீதிமன்றமே தனது அறைகளில் அச்சமத்துவத்தைப் பேணவில்லை என்பது அவர்களின் வாதமாகவிருந்தது. திட்டமிட்ட பாகுபாடு இங்கு நடந்தது என எவரும் நிரூபிக்கவில்லை. அது தேவைப்படவுமில்லை. நீதியரசர் தமக்குத் தெரிந்த பேராசிரியரிடம் கேட்கிறார். பேராசிரியர் தமக்குத் தெரிந்த மாணவரைச் சொல்கிறார். அப்பேராசிரியர்கள் ஹாவார்ட், யேல் போன்ற சில கல்லூரிகளிலேயே இருக்கின்றனர். விளம்பரமும் பொதுப் பரீட்சையும் இன்றி அறிமுகத்தின் மூலம் ஆட்சேர்க்கும் எந்த ஏற்பாடும், தீய எண்ணம் சிறிதுமில்லாமலே, ஒரே சாயலுள்ளவர்களை மீண்டும் மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிடும்.

அதேவேளை, கதவு திறந்தபோது விளைந்த நன்மையையும் சொல்லாதுவிடுவது நேர்மையாகாது. தந்தைவழியில் திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன், நீதியரசர் சான்ட்ரா டே ஓ'கொனரின் உதவியாளராகப் பணியாற்றியவர். 2013ஆம் ஆண்டில் செனட் சபை எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி அவரை வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அங்கீகரித்தது. 2020ஆம் ஆண்டில் அந்நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியாகவும் அவர் உயர்ந்தார். வங்காளதேசப் பூர்வீகமுடைய நுஸ்ரத் சௌத்ரி, நியூயோர்க்கில் நீதிபதிகளிடம் உதவியாளராகப் பணியாற்றிப் பின்னர் சிவில் உரிமைகளுக்காக வாதாடியவர். 2023ஆம் ஆண்டில் அமெரிக்க சமஷ்டி நீதிமன்றங்களின் முதலாவது முஸ்லிம் பெண் நீதிபதியானார். அவரது நியமனத்திற்கு ஆதரவாக 50 வாக்குகளும் எதிராக 49 வாக்குகளும் கிடைத்தன. ஒரு சமூகத்தின் பிள்ளை ஆரம்பத்திலேயே அந்த அறைக்குள் சென்று வந்திருக்காவிடின், இத்தகைய பெயர்கள் பரிசீலனைப் பட்டியலுக்கே வந்திருப்பது அரிது.

இம்முறைக்கு வேறு குறைகளும் உண்டு. இளைஞர் ஒருவரின் எதிர்காலம் முழுவதும் தனியொரு நீதிபதியின் பரிந்துரையில் தங்கியிருக்கும்போது, அவர் அநீதியை எதிர்த்து வாய் திறப்பது கடினம். 2017ஆம் ஆண்டு டிசெம்பரில், முன்னாள் உதவியாளர்கள் உள்ளிட்ட பெண்கள் பலர் பாலியல் ரீதியான முறைகேடுகள் தொடர்பில் குற்றஞ்சாட்டியதைத் தொடர்ந்து, கலிபோர்னியாவிலிருந்து செயற்பட்ட செல்வாக்குமிக்க மேன்முறையீட்டு நீதிபதி அலெக்ஸ் கொசின்ஸ்கி பதவியிலிருந்து விலகினார். பணியிடப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைகள் சட்டப் பாகம், நீதிமன்றத்தின் இவ்வுதவியாளர்களுக்குப் பாதுகாப்பளிப்பதில்லை என்பதை அப்போதுதான் பலரும் அறிந்துகொண்டனர். 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கருக்கலைப்புத் தொடர்பான தீர்ப்பின் வரைபு வெளியே கசிந்தபோதும் சந்தேகத்தின் நிழல் முதலில் விழுந்தவர்களுள் உதவியாளர்களும் அடங்குவர். ஊழியர்கள் 97 பேர் விசாரிக்கப்பட்டும் கசியவிட்டவர் யாரெனக் கண்டறிய முடியவில்லை என 2023ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான அறிக்கை தெரிவித்தது.

தொலைதூர நாடொன்றின் நீதிமன்ற வழக்கத்தைப் பற்றி நாம் இவ்வளவு தூரம் ஏன் பேசுகிறோம் எனச் சிலர் வினவக்கூடும். இந்தியா, தென்னாபிரிக்கா, பிரித்தானியா உள்ளிட்ட நாடுகளின் உயர் நீதிமன்றங்களும் காலத்தின் தேவை கருதி இத்தகைய உதவியாளர்களை அமர்த்திவருகின்றன. நமது நாட்டிலோ பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடப்பதாக அடுத்தடுத்து வந்த நீதி அமைச்சர்களே கூறியிருக்கின்றனர். அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றை இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டுமென அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கூறுகிறது. அம்மனுக்கள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை, தடுப்புக்காவலில் உள்ளவர்களின் தாய்மாரும் காணியை இழந்தவர்களும் நன்கறிவர். 2020ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட 20ஆவது திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் எண்ணிக்கையை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை 12இலிருந்து 20ஆகவும் உயர்த்தியது. ஆசனங்களைக் கூட்டுவது ஒரு வழி. அந்த ஆசனங்களில் இருப்போருக்குத் தகுதியான ஆய்வுத் துணையை வழங்குவது மற்றொரு வழி. இளம் சட்டப் பட்டதாரிகளை ஆய்வு உதவியாளர்களாக முறைப்படி அமர்த்தும் ஏற்பாடு இங்கு இன்னும் ஆழமாக வேரூன்றவில்லை. அது விரிவடைய வேண்டுமென்பதே எமது நிலைப்பாடாகும்.

ஆயினும் அது எவ்வாறு விரிவடைகிறது என்பதில் தமிழ், முஸ்லிம் மக்கள் இப்போதே அக்கறை கொள்ள வேண்டும். சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகளென அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறினாலும், மேல்நிலை நீதிமன்றங்களின் அலுவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. மட்டக்களப்பிலோ மன்னாரிலோ தமிழில் பதியப்பட்ட சாட்சியம் கொழும்பை அடையும்போது மொழிபெயர்ப்பாகவே நீதியரசரின் மேசைக்கு வருகிறது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினாலும் ஒருவரின் சுதந்திரம் பறிபோகலாம். மூலத்தைத் தமிழில் படித்து, பிசகை நீதியரசருக்குச் சுட்டிக்காட்டக்கூடிய உதவியாளர் ஒருவர் அந்த அறையில் இருப்பது சலுகை விடயமல்ல. சரியான தீர்ப்புக்கான தேவையாகும்.

அதேபோன்று, சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை முடித்த நமது மாணவர்கள் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதங்கள் பயிலுநராக இருக்க வேண்டும். குடும்பத்தில் சட்டத்தரணிகள் உள்ள பிள்ளைக்கு அந்த இடம் எளிதிற் கிடைக்கிறது. கிளிநொச்சியிலிருந்தோ, ஹற்றன் தோட்டமொன்றிலிருந்தோ, அக்கரைப்பற்றிலிருந்தோ முதற் தலைமுறையாக வரும் பிள்ளை யாரைத் தெரியும் என்று தேடி அலைய நேர்கிறது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகளை 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாராளுமன்றம் நிராகரித்ததை நாம் மறக்கவில்லை. அன்று முன்வாயில் காக்கப்பட்டது. அறிமுகத்தின் மூலம் ஆட்சேர்க்கும் புதிய ஏற்பாடு ஒன்று உருவாகுமாயின் அதே விலக்கல் பின்வாயிலால் வந்து சேரும்.

எனவே, இத்தகைய பதவிகள் எங்கு உருவாக்கப்பட்டாலும் அவை பகிரங்கமாக விளம்பரப்படுத்தப்பட வேண்டும். மூன்று மொழிகளிலும் நடத்தப்படும் எழுத்துப் பரீட்சையின் மூலமே முதற் தெரிவு இடம்பெற வேண்டும். ஒவ்வொரு மேல்நிலை நீதிமன்றத்திலும் தமிழில் தேர்ச்சியுள்ள உதவியாளர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளை கொழும்பில் தங்கி வாழக்கூடிய சம்பளம் வழங்கப்பட வேண்டும். விலகிய பின் குறித்த காலத்திற்கு அதே நீதிமன்றத்தில் வழக்காடத் தடையும், உதவியாளர்களின் முறைப்பாட்டை விசாரிக்கச் சுயாதீனமான ஏற்பாடும் இருத்தல் அவசியம். ஒரு மாணவரின் அரசியற் கருத்தோ, அவர் பயின்ற பல்கலைக்கழகமோ, அவர் பங்கேற்ற போராட்டமோ தகுதியீனமாகக் கொள்ளப்படலாகாது.

உதவியாளர்கள் பெருகினால் தீர்ப்பை எழுதுவது நீதிபதியா, நேற்றுப் பட்டம் பெற்ற இளைஞரா என்ற ஐயம் எழும் என்போரும் உளர். அது நியாயமான கவலையே. ஆனால் உதவியின்றிச் சுமையில் அழுந்தும் நீதிபதியிடமிருந்து காலந்தாழ்த்தி வரும் தீர்ப்பு, மனுதாரருக்கு இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவதில்லை. தீர்மானிக்கும் பொறுப்பு நீதிபதியிடமே இருக்க, ஆராயும் சுமையை மாத்திரம் பகிர்ந்துகொள்வது இயலாததொன்றல்ல.

இன்று நீதியரசரின் அறைக்குள் உதவியாளராகச் செல்லும் இளைஞரே இன்னும் கால் நூற்றாண்டில் அந்த ஆசனத்தில் அமரக்கூடியவர். உயர் நீதிமன்றத்தில் எமது சமூகத்தவர் எத்தனை பேர் உள்ளனர் என நியமன வேளைகளில் மாத்திரம் கணக்கிட்டு ஆதங்கப்படுவதில் பயனில்லை. அந்த அறையின் கதவு எவ்வாறு திறக்கப்படுகிறது, யாருக்குத் திறக்கப்படுகிறது என்பதைச் சட்டத்தரணிகள் சங்கங்களும், பல்கலைக்கழகங்களின் சட்டத்துறைகளும், நமது மக்கள் பிரதிநிதிகளும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என வலியுறுத்த விரும்புகிறோம்.